அக்கரை மரம்

பாபநாசம் பக்கம் ஆற்றுப் படுகையில் எனக்கு ஒரு தோப்பு உண்டு. மரங்கள் காற்றில் உள்ள கரியை இழுத்துக்கொள்ளுமாம்; அதை வெட்டாமல் வைத்திருந்தால் வருடந்தோறும் பணம் தருவதாக ஒரு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. சும்மா இருப்பதற்குக் கூலியா என்று எனக்கே வியப்பு. வருடத்துக்கு ஒரு படம் மட்டும் அனுப்ப வேண்டும். அக்கரையில் நின்று எடுத்தேன். அங்கிருந்த என் பங்காளியின் மரங்கள் குறுக்கே நின்றதால் என் தோப்பு பாதிதான் தெரிந்தது.

மறு வருடம் வீடு கட்டினேன். வாசல் நிலைக்குச் சொந்த வேம்பை வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். இப்போது அது முடியாது. ஆசாரியே வெளியில் வாங்கி வந்தார். நிலைக்கு மஞ்சள் பூசும்போது, எந்த ஊர் மரம் என்று அவரிடம் கேட்டேன்.

"அக்கரைதாங்க. நீங்க மரம் குடுக்கலைன்னதும் வியாபாரிங்க உங்க பங்காளிகிட்ட போனாங்க. நல்ல வெலை. தோப்பையே வெட்டி வித்துட்டாரு."

மீதி நிலைக்கும் மஞ்சளைப் பூசி முடித்தேன். அப்படியானால் நான் காப்பாற்றியது எதை?

அந்த வருடப் படத்தில் ஒரு கிளைகூடக் குறுக்கே வரவில்லை. படம் மிகத் தெளிவாக இருப்பதாக நிறுவனம் பாராட்டி எழுதியது.