சலவை அறையில் மௌன வியாபாரம்

பிரெஞ்சு பேசும் புறநகரான பியர்பொன்ட்ஸில் நான் இருந்த கட்டடத்தின் சலவை அறைக்கு முப்பத்தெட்டுப் படி இறங்க வேண்டும். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மாசி மாதம், கடையிலிருந்து வந்த கையோடு உடுப்பு எடுக்க இறங்கியவன், மிளகாய்த்தூள் பையை அங்கிருந்த மரத்தட்டில் மறந்துவிட்டேன். மறுநாள் போனால் பை அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொரு பை. உள்ளே காய்ந்த சிவப்புப் பூ. மேற்கு ஆப்பிரிக்கர்கள் ஊறவைத்துக் குடிப்பது.

இருபத்தாறு வருடம் வரலாறு படிப்பித்தவனுக்கு விளங்காதா? பழைய கானாப் பேரரசின் நாட்களில், சகாராவைக் கடந்து உப்புக் கொண்டுவந்த வணிகர்கள் அதை ஆற்றங்கரையில் குவித்துவிட்டு மறைந்துபோவார்களாம். பொன் உள்ளவர்கள் வந்து ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் பொன்னை வைத்துவிட்டு ஒதுங்குவார்கள். போதுமென்றால் வணிகர் பொன்னை எடுப்பார். போதாதென்றால் தொடாமல் விடுவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

நான் பூவை மட்டும் எடுத்தேன். அடுத்த நாள் மிளகாய்த்தூளைக் காணவில்லை.

ஒன்பது முறை நடந்தது. ஒருமுறை நிலக்கடலை குறைவென்று தொடாமல் வந்தேன். விடிய ஒரு பிடி கூடியிருந்தது. மனைவி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிறு பூசைக்கு என்னைக் காரில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும் மன்னார் நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

"ஆரெண்டே தெரியாமல் வாங்கிச் சாப்பிடுறியளோ, மாஸ்டர்?"

"தெரிஞ்சால் எல்லாம் போச்சு. பொன் எங்கேயிருந்து வருகுதெண்டு அறிய, வணிகர்கள் ஒருமுறை ஒளிச்சிருந்து ஒருத்தனைப் பிடிச்சவங்களாம். அவன் வாயே திறக்காமல் செத்துப்போனான். பேந்து கனகாலம் ஒருத்தரும் பொன் வைக்கேல்லை. நீர் கீழே போகக் கூடாது."

"ஓம் ஓம். நான் ஏன் போறன்?"

பத்தாவது பையை வைத்த அன்று பின்னேரம் கதவு தட்டப்பட்டது. நண்பர் நின்றார். அவர் பிடியில், துறைமுக வேலை உடுப்போடு, உயரமான ஒரு மனிதர்.

"மெசினுக்குப் பின்னாலை ரெண்டு மணித்தியாலம் குந்தியிருந்தன், மாஸ்டர். பிடிச்சிட்டன். மாலி நாட்டுக்காரன். சேர்ச் விற்பனைக்கு இந்தப் பூ பத்து மூட்டை எடுத்துத் தருவானோ எண்டு கேட்டிருக்கிறன்."

அந்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை. என் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தபடி "பொன்ஜூர்" என்றார். நானும் சொன்னேன். பிறகு மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

"கூச்சக்காரன்," என்றார் நண்பர். "இனி நீங்கள் நேரே போய்க் கதவைத் தட்டலாம். தேத்தண்ணி போடுங்கோ."

போட்டேன். அவர் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்தார். அந்தக் கதையை முழுக்கக் கேட்டவர், எப்படி முடிந்ததென்று தெரிந்தவர்.

என் பை பன்னிரண்டு நாள் தட்டில் தனியே கிடந்தது. பதின்மூன்றாம் நாள் நானே அதை எடுத்துவந்தேன். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து பூசைக்குப் பேருந்தில் போனேன், இரண்டு பேருந்து மாறி.