என் மனைவியின் ஜெர்மன்

எங்கள் வீட்டில் வெளிநாட்டு மொழி என்றால் அது என் இலாகா. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பல் வந்து கட்டியதும் ஏணியில் ஏறிப் போய், கேப்டனிடம் பேசி, காகிதங்களில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வருகிற ஆள் நான். ரஷ்யனுக்கு ரஷ்ய மொழியில் வணக்கம் சொல்வேன். பிலிப்பைன்ஸ்காரனிடம் அவன் மொழியிலேயே சாப்பிட்டாயா என்று கேட்பேன். சீனத்தில் நன்றி தெரியும். ஒவ்வொன்றிலும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது வீட்டுக்குத் தெரியாது. உறவுக்காரர்கள் வந்தால் என் மனைவியே, "அவுகளுக்குப் பத்து பாஷை தெரியும்" என்று சொல்லுவாள். அதைக் கேட்டுக்கொண்டு காபியை மெதுவாகக் குடிப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

அதனால், வெளிநாட்டுக்குப் போய்விடலாம் என்று இருவரும் முடிவு செய்தபோது, எந்த மொழியைப் படிப்பது என்பதை நான்தான் சொல்லப்போகிறேன் என்று இருந்தேன். அரபி என்றேன். காயல்பட்டினத்தில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. துபாயில் பல வருடம் இருந்தவன். "அரபி கொஞ்சம் பேசினாப் போதும்லே, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தான்.

அவள் ஜெர்மன் என்றாள். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நர்சுகளை ஜெர்மனிக்காரன் வா வா என்று கூப்பிடுகிறான் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க கூட்டாளி இப்பம் இங்கனதான இருக்காக? அவ்வளவு நல்லாருந்தா எதுக்குத் திரும்பி வந்தாக?" என்று கேட்டாள். "ரெண்டு வேரும் சேந்தே படிப்போம். சேந்தே போவோம்" என்றாள். சரி என்றேன். எந்த மொழியானால் என்ன, கொஞ்ச நாளில் அவளுக்கு நானே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு ஆன்லைனில். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். டீச்சர் கோயம்புத்தூர் அம்மா, குரலிலேயே பிரம்பு வைத்திருப்பவர். அந்த மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. போகட்டும் என்று விட்டேன். ஆனால் சிறுபெண்ணும் கத்தியின் கூட்டத்தில்தான் சேர்த்தி என்றபோது பொறுக்க முடியவில்லை. "டீச்சர், பொம்பளைப் பிள்ளைய எப்படி அஃறிணையில சேக்க முடியும்?" என்று கேட்டேன். "சார், அது அப்படித்தான்" என்றார். நான் விடவில்லை. நான் ஒவ்வொரு வகுப்பிலும் அந்த மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்தில் இருந்தவள் சத்தமில்லாமல் அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களில் டீச்சர் கேள்வியை என்னிடம் கேட்டு, பதிலுக்கு அவளைப் பார்க்க ஆரம்பித்தார். மனைவி நன்றாகப் படித்தால் சந்தோஷப்படுகிற கணவர்கள் இருக்கலாம். நான் அந்த ரகம் இல்லை.

வகுப்பில் சாத்தான்குளத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனும் நர்ஸ்தான். அவனும் என் மனைவியும் பேசிப் பழகுவதற்காகத் தினமும் சாயங்காலம் போனில் ஜெர்மனில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டார்கள். ஸ்பீக்கரில்தான் பேசுவாள், ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. என் முன்னாலேயே, சாளை மீனை அலசிக்கொண்டே, எனக்குப் புரியாமல் பேசினாள். ஒருநாள் ஏதோ சொல்லிவிட்டு, கையில் மீனோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கல்யாணமான நாளில் இருந்து என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அப்படி என்னளா சிரிப்பு?" என்றேன்.

"அது தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுங்க."

"சொல்லித்தான் பாரேன்."

சொன்னாள். டாக்டர், ஊசி, ஏதோ ஒரு பாட்டி. நிஜமாகவே சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாளைக் குழம்பில் உப்பு கூடுதல் என்று சொன்னேன். சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நிலக்கரிக் கப்பலில் ஜெர்மன் கேப்டன் வந்தார். ஏறிப் போய் அவர் மொழியில் காலை வணக்கம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து கடகடவென்று பேச ஆரம்பித்தார். தலையைத் தலையை ஆட்டினேன். ஏதோ கேள்வி கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அதற்கும் ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். அப்படி ஒருவர் வந்ததையே நான் வீட்டில் மூச்சு விடவில்லை. தெரிந்தால், போனைப் போட்டுக் கொடுங்கள், நானும் பேசுகிறேன் என்பாள். பேசியும் விடுவாள். துறைமுகமாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

பரீட்சைக்கு இருவரும் சென்னைக்குப் போனோம். அவள் தேறினாள். அவளுக்கு வைத்த பரீட்சையைவிட எனக்கு வைத்தது எவ்வளவோ சின்னது. அதிலும் நான் கோட்டை விட்டேன். நர்ஸ் வேலைக்கு விசா அவளுக்கு வரும். அவளோடு போக வேண்டுமானால் நான் தேறியாக வேண்டும். திரும்பி வருகிற ரயிலில், "கப்பல்ல நைட் டூட்டி பாத்துட்டு நான் எங்க படிக்க?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன வாரம் மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கே ஓடி வந்தாள், கையில் போனோடு. ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடவில்லை.

"என்னங்க, விசா வந்துட்டு! நாங்க அக்டோபர்ல போறோம்!"

நாங்க.

அவளும் சாத்தான்குளத்துப் பையனும் இன்னும் இரண்டு நர்சுகளும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, இலக்கணப்படி அச்சு அசலாகச் சரி. நாம் என்றால் கேட்கிறவனும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்கிறவன் வெளியே. பேசப் பழகுகிற குழந்தைகூட இதை மாற்றிச் சொல்லாது. கல்யாணமான புதிதில் பெரியதாழையில் இருக்கிற அவள் அம்மா வீட்டைப் பற்றி என்னிடம் பேசும்போது "நாங்க" என்பாள். அப்புறம் எல்லாமே நாம, நம்ம வீடு, நம்ம வண்டி. இத்தனை வருடம் கழித்து அன்றைக்கு அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, என்னை வெளியே நிறுத்திவிட்டாள். அவளுக்கு அது தெரியவே இல்லை.

"நீங்களும் பாஸ் பண்ணிட்டுப் பின்னால வந்துருங்க, என்ன?" என்றாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும்.

"அத ஜெர்மன்ல சொல்லு பாப்போம்" என்றேன்.

"வீர் ஃப்ளீகன் இம் ஒக்டோபர்" என்றாள் படபடவென்று.

வீர். முதல் வகுப்பில் படித்த வார்த்தை, எனக்குக்கூடத் தெரியும். நாம் என்பதற்கும் அதுதான், நாங்கள் என்பதற்கும் அதுதான். அந்தக் கேடுகெட்ட மொழியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தைதான் வைத்திருக்கிறார்கள்.

"சரியா வெளங்கல, இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.