மொதல்ல அப்பா, அப்புறம் நீ

சம்பத்குமார் வேப்பங்கொழுந்து ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். முகம் அஷ்டகோணலாயிற்று. விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினார். அப்பா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பது மகளுக்கு நிச்சயமான பிறகே அடுத்த கொழுந்தை அவளிடம் கொடுத்தார். "மொதல்ல அப்பா, அப்புறம் நீ." ஐந்து வயது ஸ்ரீஜா மென்றாள், துப்பினாள், படப் புத்தகத்தில் இருந்த வேப்பமரத்தின் தலைமேல் ஒரு டிக் அடித்தாள். அன்றைய பள்ளிக்கூடம் முடிந்தது.

அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் என்பது இவ்வளவுதான். புத்தகக் கண்காட்சியில் வாங்கிய கெட்டி அட்டைப் படப் புத்தகம் ஒன்று. அதில் ஒரு பக்கத்தைப் பார்த்தால், படத்தில் இருப்பதை நேரிலும் பார்த்துவிட வேண்டும். தொடக்கூடியதென்றால் தொட வேண்டும், தின்னக்கூடியதென்றால் தின்ன வேண்டும். எல்லாவற்றிலும் அப்பாதான் முதலில். ஆகவே ஆட்டின் தாடியைத் தொட்டு முட்டு வாங்கியவர் அவர். திருச்செந்தூர் கடற்கரையில் குதிரையின் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் மணலில் விழுந்தவரும் அவரே. மழைப் பக்கம் ஐப்பசி வரை காத்துக் கிடந்தது. தூத்துக்குடியில் அதற்கு வேறு வழியில்லை. பனிமலைக்கு ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸரைச் சுரண்டிக் கொடுத்தார். "மலை ரொம்பச் சின்னதா இருக்கேப்பா" என்றாள் ஸ்ரீஜா.

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறவர் அவர். அந்த வேலை மத்தியானத்துக்கு மேல்தான். காலை முழுக்க மொபெட்டின் முன்னால் மகள் நிற்க, ஊர்வலம் நடக்கும். எதிர்வீட்டு சுந்தரராஜ் மனசு கேட்காமல், "என்ன சாமி, பிள்ளையப் பள்ளிக்கூடத்துல போடாம ஊரச் சுத்திக்கிட்டு அலையுதியளே" என்பார். "ஊரைச் சுத்தறதுதான் அண்ணாச்சி பாடமே" என்று சொல்லிவிட்டு, சம்பத்குமார் மொபெட்டை முறுக்குவார்.

வீம்புக்குச் செய்யவில்லை. ஸ்ரீஜா சில வாரம் ஒரு மழலையர் பள்ளிக்குப் போனவள்தான். திரும்பி வந்து வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூரியன் ஏன் சுடுகிறது, எறும்புக்கு அம்மா உண்டா என்று வாய் ஓயாதவள், கேட்பதையே விட்டுவிட்டாள். அதைப் பார்த்த அன்று சம்பத்குமாருக்கு நெஞ்சு பதைத்துப்போயிற்று. அந்தப் பயம் இன்றுவரை போகவில்லை.

பாங்கில் வேலை பார்க்கும் மனைவி ஆதிலக்ஷ்மியின் கட்சி வேறு. "குழந்தைக்கு நாலு ஸ்நேகிதா வேண்டாமா? எத்தனை நாளைக்கு ஆட்டோடயும் குதிரையோடயும் விளையாடுவா?" நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் சவடால் அடிப்பார்கள். சம்பத்குமாரும் அடித்தார். "இந்தப் புஸ்தகத்துல ஒரே ஒரு பக்கத்தை நான் விட்டாலும், ஜூன் மாசம் நீயே கொண்டுபோய் ஸ்கூல்ல சேத்துடு!" நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

அவர் தென்திருப்பேரையில் பெருமாள் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவர். தூத்துக்குடியில் வருஷக்கணக்காகக் குடியிருந்தும், மீன் வாடை அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடக்கிறவர். புத்தகத்திலோ மீனுக்கென்றே எதிரெதிராக இரண்டு பக்கம் இருந்தது. யாரும் பார்க்காதபோது அந்த இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துப் பசை போட்டு ஒட்டிவிட்டார்.

"அம்மா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் குண்டா இருக்கு?" என்று ஸ்ரீஜா ஒரு நாள் சமையலறையில் போய்க் கேட்டாள். ஆதிலக்ஷ்மி ஒரு ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினார். உள்ளே உதட்டுச்சாயம் பூசிய ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது. ஆதிலக்ஷ்மியும் சிரித்தார்.

"அப்போ ஜூன்ல சேத்துடலாம். நீங்கதானே சொன்னேள்?"

சம்பத்குமார் சளைக்கவில்லை. அன்று சாயங்காலமே மகளைக் கோயிலுக்கு அழைத்துப்போய், தூணில் செதுக்கியிருந்த மச்சாவதாரத்தைக் காட்டினார். "பாத்தியா, மீன்!" ஸ்ரீஜா தட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்லுப்பா" என்றாள். எதையும் தொட்டுப் பார்த்து முடிவு செய் என்று அவர்தான் பழக்கியிருந்தார்.

மறுநாள் காலை மொபெட் திரேஸ்புரம் கடற்கரையில் போய் நின்றது. நெற்றியில் திருமண், வெள்ளை வேட்டி, அக்குளில் படப் புத்தகம். வள்ளங்கள் கரை சேர்ந்து மீன் இறங்குகிற நேரம். குவியல்களுக்கு நடுவே, கோலத்தை மிதித்துவிடாமல் நடக்கிறவரைப்போல நுனிக்காலில் போனார். மூச்சை எவ்வளவு நேரம்தான் பிடிக்க முடியும்? விட்டு இழுத்தபோது மொத்தக் கடலும் மூக்குக்குள் வந்து உட்கார்ந்தது.

கூடைக்குப் பின்னால் இருந்த மீன்காரப் பெண் பிலோமி நிமிர்ந்து பார்த்தார். "என்ன சாமி, வழி தப்பி வந்துட்டியளா?"

"இல்லேம்மா, மீன் பாக்க வந்தோம்."

"வாங்கவா?"

"பாக்க மட்டும்."

ஸ்ரீஜா புத்தகத்தை விரித்தாள். "இந்த மீன் இருக்கா? சிரிக்கிற மீன்?"

பிலோமி படத்தை உற்றுப் பார்த்தார். பக்கத்துக் கூடைக்குக் குரல் கொடுத்தார். "ஏளா, சிரிக்கித மீனு ஒங்கிட்ட கெடக்கா?"

"எங்கிட்ட கெடக்கதெல்லாம் மொறைக்கித மீனுதாம்!"

பிலோமி கூடையைக் கிளறி நீளமான சீலா மீன் ஒன்றை எடுத்து, அதன் வாயை இரண்டு விரலால் பிளந்தார். உள்ளே ஊசி ஊசியாகப் பல். "இந்தா தாயி, பல்லக் காட்டிச் சிரிக்குது பாரு. தொடு."

ஸ்ரீஜா சட்டென்று அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "மொதல்ல அப்பா."

சம்பத்குமார் சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தெரியாதவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தாயிற்று, கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தார். வேட்டியைப் பிடித்திருந்த சின்னக் கை அதை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டது. பயந்த இடத்திலேயே பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் தான் என்ன வாத்தியார், என்ன அப்பன்? கண்ணை இறுக மூடி, "பெருமாளே, மச்சாவதாரா" என்று முணுமுணுத்தபடி சுட்டுவிரலை நீட்டி மீனின் முதுகில் வைத்தார். சில்லென்று வழவழப்பாக இருந்தது. பெருமாள் பெயரைச் சொல்லித் தொட்ட கையாயிற்றே, பழக்கதோஷத்தில் அது நேரே போய் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது.

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிலோமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "யம்மா! மீனத் தொட்டுக் கும்பிட்ட ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். சாமி, தெனமும் வாங்க, யாவாரம் பிச்சிக்கிட்டுப் போவும்!"

அந்தச் சிரிப்பில் ஸ்ரீஜா வெளியே வந்தாள். உள்ளங்கை முழுவதையும் மீன்மேல் வைத்துத் தலையிலிருந்து வால்வரை தடவினாள். "இது ஏன் கண்ணை மூடலை? தூங்கறச்சேயும் மூடாதா? இதோட அம்மா இப்போ தேடுமா?" கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பிலோமி சளைக்காமல் பதில் சொன்னார். கண் எரிந்து நீர் வழிய நின்ற சம்பத்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆதிலக்ஷ்மி பாங்குக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். ஆளுக்கு முன்னால் வாடை வந்து சேர்ந்தது. சம்பத்குமார் வலது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். ஸ்ரீஜா ஓடிப்போய் உள்ளங்கையை அம்மாவின் மூக்குக்கு நேராக விரித்தாள்.

"மோந்து பாரும்மா! சீலா!"

ஆதிலக்ஷ்மி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். அந்தக் கையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் மினுங்கிக்கொண்டிருந்த கண்களைப் பார்த்தார். தலைப்பை விலக்கிவிட்டுக் குனிந்து, ஒரு தரம் நன்றாக இழுத்து மோந்தார்.

"அடுத்த பக்கம் என்னடி?" என்றார்.

சம்பத்குமார் மெதுவாகக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, தன் சுட்டுவிரலையும் மனைவியின் மூக்குக்கு நேராக நீட்டினார்.