பின்தெருவில் நின்ற வரிசை

“ஆவணி 13, திங்கட்கிழமை. தெருவில் ஒரு வண்டியும் நிற்கக் கூடாது. முன்வாசல் வழியே உள்ளே, பின்வாசல் வழியே வெளியே. கதவு திறக்க இடம் விடவும்.”

தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறம் இப்படி எழுதி, கீழே ஒரு நீண்ட பெட்டியும் அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகளும் வரைந்து, நடுவே அம்புக்குறி போட்டிருக்கிறேன். தாளின் மேல்முனை கிழிந்ததில் ஆண்டு போய்விட்டது. பெருந்தொற்று ஓய்ந்து பள்ளிகள் முழுதாகத் திறந்த ஆண்டு அது. என் மனைவியின் தம்பி மலேசியாவிலிருந்து ஊர் திரும்பியதும், நான் பணி ஓய்வு பெற்றதும் அந்த ஆண்டில்தான்.

மச்சினன் அங்கே ஒரு பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெண் பிறந்தபோதும் அங்கேதான் இருந்தான். அந்தப் பிள்ளை அப்பாவைக் கைபேசித் திரையில் பார்த்தே நடக்கப் பழகியது என்று என் மனைவி சொல்வாள். ஊரில் நிலைத்துவிட வேண்டும் என்று வந்தவன், செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வாட்டர் வாஷ் போட இடம் பிடித்தான். பழைய கம்பெனி அவன் வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லை. விஜயதசமிக்குள் பதில் சொல்வதாக அவர்களிடம் சொல்லியிருந்தான். இங்கே தொழில் நின்றால் இருப்பான், இல்லையென்றால் விமானம் ஏறுவான். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

இடம் எங்கள் ஊருக்கே உரிய வடிவம். முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற ஒரு வீடு அங்கே இருந்தது. தேக்குத் தூண்களையும் நிலைகளையும் கழற்றி விற்ற பிறகு வெறும் மனையாகக் கிடந்தது. அகலம் குறைவு, நீளம் அதிகம். ஒரு மூலையில் பூப்போட்ட தரைக்கல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை உடைக்க மச்சினனுக்கு மனம் வரவில்லை. இருசக்கர வண்டிகளை அதன்மேல் நிறுத்திக் கழுவினான்.

மனைக்குச் சொந்தக்காரர் பக்கத்து வீட்டு ஆச்சி. ஆச்சி என்றால் வயதானவர் என்று நினைக்க வேண்டாம், என்னைவிடச் சின்னவர். செட்டி வீட்டுப் பெண்களை வயது பாராமல் அப்படித்தான் அழைப்போம். அவர் வீட்டிலேயே ஆள் வைத்துப் பலகாரம் போட்டுச் சென்னை வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். வாடகை விஷயத்தில் தாராளமாக இருந்தவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். தன் வீட்டு முகப்பில், பலகாரம் வாங்க வருகிறவர்கள் இறங்கும் இடத்தில், கழுவ வந்த வண்டி நிற்கக் கூடாது. நின்றால் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

ஆக, வண்டி கழுவுவதைவிட, கழுவக் காத்திருக்கும் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் எங்களுக்கு வேலையாக இருந்தது. அந்த ஆவணி மாதத்து மாலைகளை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. என் சிறிய காரை நான் ஓட்டி ஓட்டி நிறுத்துவேன், அவன் சுண்ணாம்பால் கோடு போடுவான். அவன் மகள் கோட்டுக்குக் கோடு தாண்டி விளையாடுவாள். காத்திருக்கும் வரிசைகளைப் பற்றி ஒரு கணிதமே உண்டு என்றும், அது தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது என்றும் எப்போதோ படித்திருந்தேன். அதை அவனிடம் விளக்கப் பார்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த இணைப்பகத்துக்கு யாராவது குடும்பத்தோடு வந்தார்களா என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் வண்டி கழுவ ஓட்டுநர் தனியாக வருவதில்லை. பிள்ளைகள், மாமியார், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் வரும். நான்கு கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். அதனால்தான் கதவுக்கு இடம் விடும் அந்தக் குறிப்பு.

எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்பதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. பின்தெரு வெறிச்சோடிக் கிடக்கும் தெரு. ஒரு பக்கம் எங்கள் வரிசை வீடுகளின் பின்கட்டுக் கதவுகள், மறுபக்கம் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கிற ஒரு பெரிய வீட்டின் நீளச் சுவர். அங்கே வண்டி போகவும் வரவும் வசதிதான். ஆனால் வருகிறவர்களை வரவேற்கும் இடம் அதுவா?

“வாரவுகளக் கொல்லைப்பக்கமா வாங்கன்னா யாரு மச்சான் வருவாக?” என்றான் மச்சினன். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. உள்ளே வரும் வழி என்று எழுதிய பலகையை முன்தெருவில் மாட்டினோம்.

சாதாரண நாட்களில் திட்டம் நன்றாகவே நடந்தது. வண்டி முன்னால் வரும், வரிசையில் நகரும், கழுவும் மேடை ஏறும், நுரை போட்டுத் தண்ணீர் பீய்ச்சித் துடைத்ததும் பின்னால் போய்விடும். ஆச்சி வீட்டு முகப்பு காலியாகவே இருந்தது. பக்கத்துப் புதுவயல் அரிசி மில்காரர்கள் இரண்டு பேர் மாதக் கணக்கில் வண்டி அனுப்பத் தொடங்கினார்கள். என் மச்சினன் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

ஆயுத பூசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவள் என் மனைவியிடம் வந்து ஒரு செய்தி சொன்னாள். பரணிலிருந்த நீலப் பெட்டியை அவன் கீழே இறக்கி வைத்திருக்கிறான். மலேசியாவுக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோகும் பெட்டி அது. ஏன் இறக்கினாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

மறுநாள் திங்கட்கிழமை. பூசைக்கு முதல் நாள் என்றால் ஊரில் சக்கரம் உள்ள எல்லாமே கழுவப்படும். காலை வெயில் ஏறுவதற்குள் உள்ளே இருந்த கோடுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. முதலில் மேடையிலிருந்து இறங்கியது ஒரு சுற்றுலா வேன். ஓட்டுநர் துடைத்து முடித்து, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினார். மச்சினன் வழக்கம்போலப் பின்வாசல் பக்கம் கையைக் காட்டினான்.

ஓட்டுநர் இறங்கி வந்துவிட்டார். “ஏண்ணே, பொட்டு வச்ச வண்டியக் கொல்லைப்பக்கமா அனுப்புறீகளே. உங்க வீட்டு மாப்பிள்ளையவும் அப்படித்தேன் அனுப்புவீகளா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது வெறும் கிண்டல் இல்லை. எங்கள் ஊர் வீடுகளில் பின்வாசல் வழியாக வெளியேறுவது குப்பையும் கழுவிய தண்ணீரும்தான். மற்ற நாளில் யாரும் இதை நினைக்கவில்லை. பூசைக்குத் தயாரான வண்டியை அந்த வழியாக எடுத்துப்போக ஒருவரும் தயாராக இல்லை. வேன் முன்வாசல் பக்கமே பின்னோக்கி வரத் தொடங்கியது. அதற்கு வழிவிட அடுத்த வண்டி பின்வாங்கியது, அதற்கு அடுத்தது தெருவில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசல், ஆச்சி வீட்டு முகப்பு, அதற்கும் அப்பால் தெருமுனை வரைக்கும் வண்டி. உள்ளே போக வேண்டியவையும் வெளியே வர வேண்டியவையும் மூக்கோடு மூக்கு முட்டி நின்று ஒலிப்பான் அடித்தன.

அந்த நேரம் பார்த்து, தீபாவளிப் பலகாரத்துக்குச் சொல்லிவைக்க மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இறங்க இடமில்லாமல் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தது.

ஆச்சி வெளியே வந்தார். கை முழுக்க மாவு. அவர் கத்தவில்லை. வண்டிகளை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, நானும் ரொம்ப நாளாப் பாக்குறேன். எச்சிப் பாத்திரத்த முகப்புல கொண்டாந்து கொட்டி, வெளக்குனத எடுத்துட்டுப் போய்க் கொல்லையில அடுக்குற வீட்ட இங்குட்டுத்தேன் பாக்குறேன்.”

பிறகு மச்சினனிடம் திரும்பினார். “தம்பி, நாளைக்குப் பூசை. அதுனால இன்னைக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு பாக்குறேன். நாளன்னைக்கு வந்து என்னையப் பாருங்க.”

நாளன்றைக்கு என்றால் விஜயதசமி. அவர் உள்ளே போய்விட்டார். மச்சினன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே நின்றான். தண்ணீர் தரையில் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்து, பெட்டியில் இன்றைக்கே துணி அடுக்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

அவன் போய் மோட்டாரை நிறுத்தினான். “மச்சான், அந்தப் பலகையத் தூக்குங்க” என்றான்.

எதற்கு என்று கேட்டேன்.

“அழுக்கு பின்னால வரட்டும். சுத்தம் முன்னால போகட்டும். ஆச்சி அதத்தேன சொல்லிட்டுப் போறாக.”

ஆச்சி அதை யோசனையாகச் சொல்லவில்லை, ஏச்சாகத்தான் சொன்னார். இருந்தாலும் பலகையை இருவருமாகத் தூக்கிக்கொண்டு மனையின் நீளம் முழுக்க நடந்து, பின்தெருவில் சுவரோடு சாய்த்து வைத்தோம். பிறகு நான் முன்தெருவுக்கு வந்து, தெருவிலும் மனைக்குள்ளும் காத்திருந்த ஒவ்வொரு வண்டியிடமும் போய், சுற்றிப் பின்தெருவுக்கு வரச் சொன்னேன். முணுமுணுப்பு இருந்தது. ஒருவர், அந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இடம் இருக்கிறது என்றேன். வேறு சொல்லத் தோன்றவில்லை.

உண்மையில் அவ்வளவுதான் தேவைப்பட்டது. பின்தெருவில் யாருடைய முகப்பும் கிடையாது. பூட்டிய கதவுகளின் முன்னால் வண்டி நின்றால் கோபிக்க ஆளில்லை. நாங்கள் உள்ளே சுண்ணாம்புக் கோடு போட்டுச் சேர்க்கப் பார்த்த இடத்தைவிட எத்தனையோ மடங்கு இடம், வெளியே சும்மா கிடந்தது. அழுக்கு வண்டி பின்வாசலில் நுழைய எந்த ஓட்டுநருக்கும் தயக்கம் இல்லை. கழுவிய வண்டி கிழக்கு பார்த்து முன்வாசலில் இறங்கி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு நிற்காமல் போனது. வேன்காரர் முன்வாசலில் இறங்கும்போது, இப்போதுதான் மாப்பிள்ளை மரியாதை என்று சொல்லிவிட்டுப் போனார். மாலையில் முன்தெரு முழுக்க எலுமிச்சை வாசனை. ஆச்சி வீட்டு முகப்பில் மதுரைக்காரர்களின் வண்டி மட்டும் நின்றது.

பூசை அன்று காலை, வரிசை குறைந்திருந்த நேரம். பின்தெருவில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. பின் இருக்கையில் ஆச்சி. பக்கத்து வீட்டிலிருந்து வருவதற்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். முன்னால் நின்ற இரண்டு வண்டிகளும் வழிவிடப் பார்த்தன. வேண்டாம் என்று கையசைத்து, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் கண்ணாடியை இறக்கி, “அடியிலயும் நல்லா அடிங்க தம்பி, செம்மண்ணு” என்றார். நாளைக்கு வந்து பார்க்கச் சொன்னீர்களே என்று மச்சினன் கேட்டான்.

“அதேன் நானே வந்துட்டேன்ல. இன்னும் எதுக்கு?”

அன்று மாலை நாட்காட்டித் தாளை என்னிடமிருந்து வாங்கி, அம்புகளின் தலையை அடித்து எதிர்ப்பக்கம் புதிதாகப் போட்டவன் அவன்தான். பச்சை மை இன்னும் மங்கவில்லை.

மறுநாள் மலேசியாவுக்குத் தொலைபேசியில் பேசி, வரவில்லை என்று சொன்னான். அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அதன் பிறகு வந்த காலம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வரிசையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்தெருவில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு பின்கட்டுப் படியில் உட்கார்ந்துகொள்வேன். காத்திருப்பவர்கள் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த கதை, குன்றக்குடியில் முடியிறக்கிய கதை, மகன் துபாயில் மாறிய வேலை எல்லாம் அங்கே கேட்டவைதான். தூக்கிலிருந்து எனக்கும் புளிச்சோறு வரும். அவ்வளவு நாள் யாரும் நிற்காத தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. முறை வந்துவிட்டது என்று கூப்பிட்டால், கதையை முடித்துவிட்டு வருகிறேன், அடுத்த வண்டியை விடுங்கள் என்பார்கள். வரிசையின் கணிதத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இப்போது மச்சினன் பைபாஸ் சாலையில் பெரிய இடத்தில் இருக்கிறான். கைபேசியில் நேரம் பதிந்துகொண்டு, சொன்ன நேரத்துக்கு வந்து போகிறார்கள். காத்திருக்க யாரும் இல்லாததால் எனக்கும் அங்கே வேலை இல்லை. அது நல்ல செய்தி, அவனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பழைய மனையை ஆச்சி தன் பலகாரக் கடைக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்தக் கொடுத்திருக்கிறார். அவர்களும் பின்தெரு வழியாக நுழைந்து முன்தெரு வழியாகத்தான் போகிறார்கள். பூப்போட்ட தரைக்கல் அப்படியே இருக்கிறது. போன மாதமும் போய்ப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை நீலப் பெட்டி பரணிலிருந்து இறங்கியது எதற்காக? ஆயுத பூசைக்கு வீட்டில் எல்லாவற்றையும் துடைப்பதுபோல அதையும் துடைக்கத்தான் இறக்கினேன் என்று அவன் சொல்கிறான். அதற்குள் மடித்த சட்டை இரண்டு இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அவன் மனைவி சொல்கிறாள். துடைக்க வைத்திருந்த பழைய சட்டை என்கிறான் அவன். இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்து வைத்தும் கேட்டுவிட்டேன். பெட்டி இப்போதும் பரணில் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. எது சரி என்று இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.