கையை ஊன்றாமல் எழச் சொன்னேன்

நம் பிள்ளைக்குப் பலன் கிடைக்குமா என்றே தெரியாத ஓர் ஆராய்ச்சியில் அவனைச் சேர்த்தது சரியா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் மகன் குமரனுக்கு ஏழு வயது. தசைச் சிதைவு நோய். தரையிலிருந்து எழும்போது முழங்கால், தொடை என்று கைகளால் பிடித்துப் பிடித்துத்தான் நிமிர்வான். இந்த நோயை ஆராயும் சென்னை மருத்துவர்கள் கேட்டபோது சம்மதித்தோம். எழுந்து காட்டச் சொல்வார்கள் என்றதும் எனக்குப் பரீட்சை பயம் வந்துவிட்டது. திருவண்ணாமலைக் கோயிலில் கொடிமரத்தின் முன் அவன் விழுந்து கும்பிடும்போதெல்லாம், "கைய ஊனாம எழுந்திருடா" என்று பழக்கினேன்.

சோதனை அறையில் குமரன் என்னைப் பார்த்துக்கொண்டே, கையை ஊன்றாமல் எழ முயன்று பின்பக்கமாகச் சாய்ந்தான். டாக்டரம்மா பாய்ந்து தலையைத் தாங்கிக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"எப்பவும் இப்படித்தான் எழுந்திருப்பியாடா கண்ணு?"

"இல்ல டாக்டர். கைய வெச்சா ஃபெயிலாயிடுவேன்னு அம்மா சொன்னாங்க."

அவர் சிரித்துவிட்டார். "இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாதுங்கம்மா. இடுப்புல பலம் கம்மின்னு அவனே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கான். நாங்க பாக்கணும்னு கூப்பிட்டதே அதைத்தான்."

நான் குறை என்று திருத்தியது அவன் உடம்பின் கெட்டிக்காரத்தனமாம்! இப்போதெல்லாம் அவனை அவசரப்படுத்துவதில்லை. எந்தக் கை முதலில் போகிறது, எங்கே தயங்குகிறான் என்று கவனித்து டாக்டரிடம் சொல்கிறேன்.

பள்ளியில் பிள்ளைகள் அவனைப் போல எழுந்து காட்டிச் சிரிக்கிறார்களாம். அவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? அனுபவமுள்ள வாசகர்கள் எழுதுங்களேன்.