ஹொசதொடக்கு அன்று லிங்கப்பன் தூண்டிலில் மாட்டியது

மைசூர் விஜயநகரில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் லிங்கப்பனுக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும். மீன்களுக்குத்தான் லிங்கப்பனைப் பிடிக்காது.

வாரம் பூராவும் நிற்கிற மனிதர் அவர். கரிப்பெட்டியின் சூட்டில், அடுத்தவர் சட்டைகளின் முதுகைத் தேய்த்துக்கொண்டு, காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை நிற்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்ரஹாரம் என்கிற பேட்டையிலுள்ள வீட்டிலிருந்து மொபெட்டைக் கிளப்பி, கபினி அணையின் பின்தண்ணீருக்குப் போய், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காருவார். சும்மா உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவன் சோம்பேறி என்பான். கையில் ஒரு கம்பும் கம்பில் ஒரு நைலான் நரம்பும் இருந்துவிட்டால், "பாவம், காலையிலேருந்து கஷ்டப்படறாரு" என்பான். இந்த ரகசியம் புரிந்த அன்றே லிங்கப்பன் தூண்டில் வாங்கிவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும். நடுவில் ஹொசதொடக்கு வந்து புகுந்தது.

மைசூர்ப் பக்கம் யுகாதிக்கு மறுநாள் ஹொசதொடக்கு. முதல் நாள் வேப்பம்பூவும் வெல்லமும் ஒப்பட்டு என்கிற போளியும் தின்று சாமிப் பிள்ளைகளாக இருந்த சனம், மறுநாள் விடிந்ததும் கறிக்கடை முன்னால் வரிசை கட்டும். அன்றைக்கு என்ன செய்கிறோமோ அதுவே வருஷம் முழுக்க நடக்கும் என்பது நம்பிக்கை. அழுதால் வருஷம் பூரா அழுகை, பொய் சொன்னால் வருஷம் பூரா பொய். அதனால் அன்று ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு நல்லவர்களாக இருக்கும். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் 'தொடக்கம்' மாதிரி கேட்கும். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய, 'தொடக்கு' என்றால் சிக்கல். லிங்கப்பன் விஷயத்தில் இரண்டு மொழியும் சேர்ந்து வேலை செய்தன.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ஹொசதொடக்கு அன்று அவர் தூண்டிலில் ஒரு செருப்பு வந்தது. அவ்வளவுதான். அந்த வருஷம் முழுக்க மீனைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. குக்கர் ரப்பர் வந்தது, தலையணை வந்தது, ஒருநாள் சுவர்க் கடிகாரம் வந்தது. அதைக் கரையில் வைத்துத் துடைத்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் அவர் உஷாராக, செருப்பு கிடந்த பக்கமே திரும்பாமல், முதுகுக்குப் பின்னாலிருந்து ஓங்கி வீசினார். முள் பழனியின் காதில் மாட்டியது. பழனி பெயிண்டர், லிங்கப்பனின் கூட்டாளி, ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்துப் பாறையில் உட்காருகிறவர். அந்த வருஷம் முழுக்க லிங்கப்பன் பழனியையே பிடித்தார். சட்டைக் காலரில் பிடித்தார், லுங்கியில் பிடித்தார், சித்ரான்னம் தின்றுகொண்டிருந்தபோது கையிலிருந்த பொட்டலத்தோடு பிடித்தார். கடைசியில் பழனி ஹெல்மெட் போட்டுக்கொண்டு மீன் பிடிக்கத் தொடங்கினார். தண்ணீரில் தெரியும் தன் நிழலைப் பார்த்து அவரே அவ்வப்போது பயந்துகொள்வார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டவள் மாதேவி, லிங்கப்பனின் மனைவி. ஹனூர்ப் பக்கத்துப் பெண். துணிகளை வீடுவீடாக வாங்கி வந்து, தேய்த்ததை மடித்து, திரும்பவும் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. ஹொசதொடக்கு அன்று விடியற்காலையில், அவர் கிளம்புவதற்கு முன்பே, தேங்காயும் கொத்தமல்லியும் போட்டு மீன் மசாலாவை அரைத்து வைத்துவிடுவாள். செருப்பு வந்த வருஷம் அந்த மசாலாவில் முட்டையைப் போட்டாள். காது வந்த வருஷம் கத்தரிக்காய். இரண்டு தடவையும், "மசாலா நல்லா வந்திருக்குதுங்க" என்றுதான் சொன்னாளே தவிர, மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது லிங்கப்பனுக்குத் திட்டு வாங்கினதைவிட அதிகமாக வலித்தது.

இந்த வருஷம் யுகாதி அன்று ஒப்பட்டைக் கல்லில் திருப்பிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஏனுங்க, நாளைக்கு மீன் வரலீன்னா அந்தக் கம்பு ரெண்டையும் அவரைப் பந்தலுக்கு ஊனிரலாமுங்க. கொடி படர எடமில்லாம தவிக்குது."

லிங்கப்பனுக்கு வாயிலிருந்த ஒப்பட்டு இறங்கவில்லை. கம்பு போனால் உட்காருவது போச்சு. அவரை படர்ந்த கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அணைக்குப் போக முடியுமா?

"வராம எங்க போகுது, வரும்" என்றார்.

"அதுதாங்க நானும் சொல்றன். வந்தா மசாலா அரைக்கிறன். இந்த வாட்டி முன்னாடியே அரைக்கறதா இல்லீங்க."

மறுநாள் விடியலில் வீடு அமைதியாக இருந்தது. மிக்ஸி மூடியோடு மூலையில் உட்கார்ந்திருந்தது. லிங்கப்பன் கம்புகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மொபெட்டின் பின்சீட்டில் மாதேவி இருந்தாள். மைசூர் சில்க் புடவை, மடியில் டப்பா, கையில் குடை.

"எங்க?"

"உங்ககூடத்தான். இன்னிக்கு என்ன பண்றமோ அதுதான் வருசம் பூரா. வருசம் பூரா நான் இங்க தனியா உக்காந்து துணி மடிக்கறதுக்கா?"

வேண்டாம் என்றால் சண்டை. இன்றைக்குச் சண்டை என்றால் அடுத்த யுகாதி வரை சண்டை. லிங்கப்பன் தன் முகத்தை இஸ்திரி போட்ட மாதிரி வைத்துக்கொண்டு, "பேஷா வா" என்றார். அவர் பல்லுக்குள் என்ன ஓடியது என்பது வேறு விஷயம்.

அணையில் காத்திருந்த பழனி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன குரு இது? இன்னிக்குக் கூட்டிட்டு வந்தா வருஷம் பூரா வருமே தங்கச்சி."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா?"

"நீ வேணா வேண்டாம்னு சொல்லு பாப்போம்."

பழனி மாதேவியைப் பார்த்தார். "வாம்மா தங்கச்சி, ரொம்பச் சந்தோஷம்" என்றார்.

பங்குனி வெயிலில் தண்ணீர் உள்வாங்கி, முழுகிக் கிடந்த மரங்களின் மொட்டைக் கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இந்த மாதத்தில்தான் ஜிலேபி மீன் கரையோரமாக வந்து, மண்ணில் வட்டமாகக் குழி பறித்து, குடித்தனம் நடத்தும். கண்ணுக்கு எதிரிலேயே வாலை ஆட்டிக்கொண்டு போகும். லிங்கப்பன் மண்புழுவைக் கோத்து ஒரு குழிக்கு நேராக விட்டார். குழிக்குச் சொந்தக்கார மீன் வந்து, புழுவைப் பார்த்து, வாயில் கவ்வி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பிவிட்டுத் திரும்பி வந்தது.

"குப்பை கொட்டறீங்கன்னு நெனைச்சுக்கிச்சுங்க" என்றாள் மாதேவி.

லிங்கப்பன் வேறு குழியைத் தேடி நகர்ந்தார். பதில் சொன்னால் அது எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

வெயில் ஏற ஏறப் பழனியின் வாளியில் ஜிலேபி சேர்ந்துகொண்டே போனது. லிங்கப்பனின் தக்கை வரைந்து வைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. பழனி இரக்கப்பட்டு அவர் காதோரம் குனிந்தார். ஹெல்மெட் இடித்தது.

"ஒண்ணை எடுத்துக்க குரு. நீ புடிச்சேன்னு சொல்லிரு."

"இன்னிக்கு எப்பிட்றா பொய் சொல்றது? வருஷம் பூரா சொல்லணுமே."

"அதுவும் சரிதான். உனக்குப் பொய் வராது."

இதற்கிடையில் மாதேவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து, புடவையைக் கொஞ்சம் உயர்த்தி, காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். லிங்கப்பன் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையும் சும்மா மடியில் கிடந்தன. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைகள் சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூடப் போர்வை நுனியை மடித்துக்கொண்டிருக்கும். உடனே திரும்பித் தக்கையைப் பார்த்துக்கொண்டார். ஹொசதொடக்கு அன்று கண் கலங்கக் கூடாது.

அந்தச் சமயம் பார்த்து நரம்பு ஒரு மரக்கட்டையில் போய்ச் சிக்கியது.

"மாதேவி, அந்த இன்னொரு கம்பைச் சித்த புடி. நான் போய் இதை எடுத்துட்டு வந்தர்றன்" என்று முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

மாதேவி கம்பை வாங்கினாள். முள்ளில் நெளிந்த புழுவைப் பார்த்து, "சீ" என்று உதறிவிட்டாள். டப்பாவைத் திறந்து நேற்றைய ஒப்பட்டில் ஒரு துண்டு பிய்த்து, உருட்டி, முள்ளில் அப்பி, தண்ணீரில் விட்டாள். மீதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

தக்கை காணாமல் போனது.

"ஏனுங்க! இழுக்குதுங்க!"

"நீயும் இழு!" என்று தண்ணீரிலிருந்து கத்தினார் லிங்கப்பன்.

"சுண்டி இழும்மா!" என்றார் பழனி.

சுண்டுவது எப்படி என்று மாதேவிக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முரண்டு பிடிக்கிற கன்றுக்குட்டியை இழுக்கத் தெரியும். கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, மேட்டை நோக்கி ஓட ஆரம்பித்தாள். சில்க் புடவை சரசரவென்று போனது. அவளுக்குப் பின்னால் தண்ணீரிலிருந்து கிளம்பி, சேற்றில் வழுக்கி, புல்லில் குதித்து, ஒரு பெரிய ஜிலேபி ஊர்வலமாகப் போனது. சீமைக்கருவேல மரம் குறுக்கே வந்ததால்தான் நின்றாள். இல்லையென்றால் மைசூர் வரை போயிருப்பாள்.

மூவரும் மீனைச் சுற்றி நின்றார்கள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஓரத்தில் வெல்லப் பாகு ஒட்டியிருந்தது.

மாதேவி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "இப்ப இது யாரு புடிச்சது?"

பழனிக்கு லிங்கப்பனைக் காப்பாற்ற ஆசை. "கம்பு அவனுது. ஆகையினால..."

"ஒப்பட்டு என்னுதுங்ணா."

"அதுவும் சரிதான்."

இருவரும் லிங்கப்பனைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். 'நாந்தான்' என்று சொல்லிவிட்டால் கம்பு பிழைக்கும். வேறு எந்த நாளாக இருந்தாலும் சொல்லியிருப்பார். மாதேவியின் முகம் வேர்த்துச் சிவந்து கிடந்தது. நெற்றிப் பொட்டு காதுப் பக்கம் நகர்ந்திருந்தது.

"நீதான் புடிச்ச" என்றார்.

சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனார். கட்டையிலிருந்து விடுவித்த நரம்பை எடுத்து, அவரைக்குப் போகிறதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி வீசினார். முள் முன்னால் போகவில்லை. பின்னால், மீனைக் கொண்டுவந்துகொண்டிருந்த மாதேவியின் முந்தானையில் போய் இறங்கியது. அவர் இழுத்தார். அவள் ஒரு எட்டு வந்தாள். திரும்ப இழுத்தார். இன்னொரு எட்டு வந்தாள்.

"ஏதோ பெருசுடா பழனி!" என்றார் லிங்கப்பன், கண்ணைத் திறக்காமல்.

பழனி திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் தலையில் காற்றுப் பட்டது. "ஆய்து குரு! நான் தப்பிச்சேன்! இந்த வருஷம் தங்கச்சி!" என்று ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறையில் ஆடினார்.

லிங்கப்பன் கண்ணைத் திறந்தார். மைசூர் சில்க். அதுவும் தங்கக் கரையில். மாதேவி திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். என்ன நாள் என்பது ஞாபகம் வந்தது. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது நிஜச் சிரிப்பாகிவிட்டது. மீனைக் கையில் பிடித்துக்கொண்டே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப கம்பு ரெண்டையும்..." என்று இழுத்தார் லிங்கப்பன்.

"கம்புக்கென்னங்க?"

"அவரைக்கு..."

"அவரைக்கு மூங்கில் வாங்கிக்கலாமுங்க. வருசம் பூரா ரெண்டு பேரு வரோணும். கம்பில்லாம ரெண்டு பேரு எப்பிடி உக்கார்றது? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

லிங்கப்பன் அவளை உற்றுப் பார்த்தார். அந்த ரகசியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

முள்ளை எடுக்கத்தான் முடியவில்லை. பிடுங்கினால் புடவைக் கரை கிழியும் என்று மாதேவி விடவில்லை. நரம்பை அறுக்கப் போனால், இன்றைக்கு எதையும் அறுக்கக் கூடாது என்று பழனி விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று, மாட்டினது மாட்டினபடியே கிளம்பினார்கள். கம்பு மொபெட்டின் முன்பக்கத்தில் நீட்டிக்கொண்டு இருந்தது. அதிலிருந்து நரம்பு லிங்கப்பனின் தோளைச் சுற்றி மாதேவியின் முந்தானைக்குப் போனது. மீன் பையில் இருந்தது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினார். மொபெட்டைச் சுற்றி வந்தார். கம்பைப் பார்த்தார், நரம்பைப் பார்த்தார், நரம்பு போகிற வழியே நடந்து முந்தானை வரை வந்து நின்றார்.

"ஏன்ரீ இது?" என்றார். என்ன இது என்று அர்த்தம்.

பொய் சொல்லக் கூடாத நாள். லிங்கப்பன் தலையைச் சொறிந்தார். "நம்ம வீட்டம்மா சார். தூண்டில்ல மாட்டிக்கிட்டா."

பின்சீட்டிலிருந்து மாதேவி தலையை நீட்டினாள்.

"நான் எங்கீங்க மாட்டினேன்? சார், நல்லாப் பாருங்க. நரம்பு அவருமேலதான் சுத்திக் கெடக்குது."