பிறத்தியார் துணி

நான் பிறந்தது அம்பாசமுத்திரத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் பாலத்தில் நின்று, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன். சென்னை மாப்பிள்ளை ஒருவரை வேண்டாம் என்றபோது வீட்டில் என்னென்னவோ காரணம் சொன்னேன். உண்மையான காரணம் இந்த ஆறுதான். அதே ஆற்றங்கரையில், எங்கள் பக்கத்து வண்ணார்பேட்டையில் வாழ்க்கைப்பட்டதில் எனக்கு நிம்மதி. கொஞ்ச தூரம் நடந்தால் அதே தண்ணீர்தான், அழுக்கு மட்டும் கூடுதல்.

அந்த அழுக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆற்றைச் சுத்தம் செய்யும் ஒரு குழுவில் சேர்ந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு வேனில் பாபநாசம் போவோம். அங்கே பரிகாரம் செய்ய வருகிறவர்கள் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறுவார்கள். பீடை அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. துணி எங்கேயும் போவதில்லை. பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஊறிப்போன சேலையை இழுக்க இரண்டு பேர் வேண்டும். வராவிட்டால் அரிவாளால் அறுத்து எடுப்போம்.

போன ஆடியில் என் கையில் ஒரு சின்ன கவுன் வந்தது. கைக்குட்டை குத்திவிடுகிற ஊக்குகூட நெஞ்சில் அப்படியே இருந்தது. என் மகளுக்கும் அந்த அளவுதான், ஐந்து வயது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் துருப்பிடித்த ஊக்கு விரலில் ஏறிவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் இறங்கவில்லை. பார்க்க வந்த மதினி, என் கணவரின் அக்கா, கட்டிலில் உட்கார்ந்ததுமே கேட்டாள்.

"ஊரான் பீடையெல்லாம் நீ எதுக்குட்டி அள்ளிட்டு வாறே?"

"இது வைரஸ் காய்ச்சல் மதினி. டாக்டரே சொல்லிட்டாரு. இவ வகுப்புல நாலு பிள்ளைகளுக்கு இருக்கு."

"உனக்கு ஊசி போட்டுக்கிட்டே. பீடைக்கு எங்கன ஊசி போடுதாங்க?"

எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவள் போன பிறகு அந்தக் கவுனை நினைத்தேன். அதைப் போட்டிருந்த பிள்ளைக்கு என்ன வந்திருக்கும்? அதை எடுத்த கையால்தானே இவளுக்குச் சோறு ஊட்டினேன்? எம்.எஸ்ஸி. படித்தவள் யோசிக்கிற யோசனையா இது என்றும் தோன்றியது. குழுவோடு இனியும் போகலாமா என்று கணவரிடம் கேட்டதற்கு, "உன் இஷ்டம்" என்றார். அது எனக்கு உதவவில்லை.

காய்ச்சல் விட்டது. ஆனாலும் அடுத்த இரண்டு முறை, வீட்டில் விருந்தாள் என்று பொய் சொல்லிக் குழுவோடு போகவில்லை. பொய் சொன்னது உறுத்தியதால் மூன்றாம் முறை போனேன்.

அன்று படித்துறையில் என் வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையும் கையில் அதன் சட்டையுமாக நின்றாள். கூடையை நீட்டி, "ஆத்துல விடாம இதுல போடுங்களேன்" என்றேன்.

அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்குப் பிள்ள இருக்கா?"

"ஒரு பொம்பளப் பிள்ள."

"பொறவு எப்படிக்கா இதையெல்லாம் தொடுதீங்க? பயமா இல்லியா?"

"பயந்தான்" என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க. மஞ்சக்காமால வந்து இப்பதான் பொழச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தண்ணீரில் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். அவள் கடைசிப் படியைத் தாண்டும்வரை நான் அசையவில்லை. அதற்குள் சட்டை நடு ஆற்றுப் பாறைக்குப் போய்விட்டது.

"கையெட்டும் போதே பிடிச்சிருக்கலாம்லா?" என்றார் குழுவை நடத்துகிற அண்ணாச்சி.

"இருக்கலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் போய் எடுத்து வந்தேன்.

அந்த வாரம் முழுக்க மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை. வந்திருந்தால் மறுபடியும் போயிருப்பேனா என்று இன்னும் எனக்குத் தெரியாது.